சம்பா அறுவடை முடிந்து ஸ்கீயிங்: குல்மர்க், அவுலி, மணாலி, எது நமக்குக் கட்டுபடியாகும்?

வலங்கைமான் வாசு:

எல்லோருக்கும் வணக்கம். நானும் சித்தப்பா மகனும் இந்த வருடம் எப்படியாவது ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) கற்றுக்கொண்டுவிடுவது என்று இருக்கிறோம். இரண்டு பேருமே பனி விழுந்து நேரில் பார்த்ததில்லை. ஊட்டியில் ஒரு விடியற்காலை புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்ததோடு சரி.

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். காஷ்மீர் பேக்கேஜ் நோட்டீஸில் "ஸ்கீயிங் உட்பட" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எத்தனை மணி நேரம், யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டால் "அங்கே போனா ஆள் இருப்பாங்க சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஆளுக்கு ஐம்பதாயிரம் வரை செலவு செய்யலாம். அதற்கு மேல் போனால் நெல் போட்ட பணத்தில் கை வைக்க வேண்டும், வீட்டில் விடமாட்டார்கள்.

அடுத்த சிக்கல் அறுவடை. எங்களுக்குத் தை கடைசியில்தான் சம்பா அறுப்புக்கு வரும். ஸ்கீயிங்குக்கு ஜனவரிதான் நல்ல மாதம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அறுவடை மெஷினுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலைந்துகொண்டிருப்போம். பிப்ரவரி கடைசியில் போனால் பனி இருக்குமா? ஸ்கீ கற்பதா, இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை செல்வம்:

மார்கழியில் குல்லாய் போடாமல் பால் வாங்கப் போகாத ஜனங்கள் நாம். சரி, போய்விட்டு வந்து படம் போடுங்க தம்பி.

குடந்தை காயத்ரி:

வாசு, அந்த "ஸ்கீயிங் உட்பட" எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரில் காலையில் கிளம்பி குல்மர்க் போய்ச் சேரும்போது பதினொன்றாகிவிடும். குல்மர்க்குக்குக் கீழே இருக்கும் டங்மர்க்கிலேயே கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். மேலே போனதும் ஒருவர் உங்கள் காலில் ஸ்கீயை மாட்டி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தான் பின்னால் நடந்தபடி உங்களைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போவார். இன்னொருவர் உங்கள் போனில் வீடியோ எடுப்பார். அப்புறம் சாப்பாடு, கோண்டோலா (மலைக்கு மேலே போகும் கேபிள் கார்) வரிசை, மூன்றரைக்கு டிரைவர் போன் செய்துவிடுவார். ஸ்கீயிங் அவ்வளவுதான். படம் வேண்டும் என்பவர்களுக்கு அது போதும், நான் குறை சொல்லவில்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அந்தப் பணம் வீண்.

நம் பட்ஜெட்டில் கற்க ஒரே வழி அரசுப் பயிற்சி. மூன்று இடம் இருக்கிறது. குல்மர்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஸ்கீயிங் மலையேற்றப் பயிற்சி நிறுவனம். மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையம், அவர்கள் சோலங் பள்ளத்தாக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாவது உத்தராகண்டின் அவுலி, அங்கே அந்த மாநில அரசின் சுற்றுலா நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் என்று வகுப்பு நடத்துகிறது. இங்கெல்லாம் தங்குமிடம், சாப்பாடு, ஸ்கீ, பூட்ஸ், பயிற்சியாளர் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். கட்டணம் சீசனுக்குச் சீசன் மாறும், அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தனி அறை, வாடகை ஸ்கீ, தனி ஆசிரியர் என்று தனித்தனியாகக் கூட்டினால் வரும் தொகைக்கு இது பக்கத்தில்கூட வராது.

நான் போனது குல்மர்க். அறை சாதாரணம். பல பேர் சேர்ந்து தங்க வேண்டும், வெந்நீர் எப்போதும் வராது. ஆனால் ஆசிரியர்கள் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதல் நாள் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி சமதளத்தில் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள், பிறகு மற்றக் காலில். நமக்கு இங்கேதான் ஒரு தடங்கல் வருகிறது. நாற்றங்காலில் சேற்றில் நடந்து பழகியவர்கள் ஒவ்வொரு அடிக்கும் காலை உருவித் தூக்குவோம். ஸ்கீயில் தூக்கவே கூடாது, தேய்த்துக்கொண்டு போக வேண்டும். தூக்கினால் பின்முனை இன்னொரு ஸ்கீ மேல் ஏறிக்கொள்ளும், உடனே விழுவோம்.

அதன் பிறகு நிறுத்தக் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டு ஸ்கீயின் முன்முனைகளையும் நெருக்கி, குதிகால்களை வெளியே தள்ளி ஆப்பு வடிவத்தில் வைத்தால் வேகம் குறையும். சொல்வதற்கு இவ்வளவு சுலபம். சரிவில் வேகம் பிடித்ததும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பாகத்தில் பாரம் இருக்காது, திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் விட்டுப்போன கணமே நாம் பின்னால் சாய்ந்துவிட்டோம் என்று அர்த்தம். என் ஆசிரியர் ஹிந்தியில் நாள் முழுவதும் கத்தியது "ஆகே, ஆகே" என்ற ஒன்றைத்தான்.

முதல் சில நாட்கள் லிஃப்ட் கிடையாது. ஸ்கீயோடு பக்கவாட்டில் படிப்படியாக ஏறி, ஏறிய உயரத்துக்கு மட்டும் இறங்கலாம். மூச்சு வாங்கும். குல்மர்க் புல்வெளியே 2,650 மீட்டர், நம் தொட்டபெட்டா உச்சி 2,637. அதாவது தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்றின் உயரத்தில்தான் அங்கே எல்.கே.ஜி. வகுப்பே ஆரம்பிக்கிறது.

நாகை மேகம்:

பனி இருக்குமா என்ற கேள்விக்கு நான் வருகிறேன், அதுதான் என் துறை. வேலை அல்ல, பைத்தியம்.

நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ காஷ்மீருக்கு மேற்கத்திய இடையூறு அப்படி. மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் ஈரப்பதம் இமயத்தில் மோதி பனியாகக் கொட்டும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாளை அவர்கள் சில்லை கலான் என்கிறார்கள். கடும் குளிர் அப்போதுதான். ஆனால் குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. 2024 ஜனவரியில் குல்மர்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். குளிர் இருந்தது, பனி இல்லை. ஜனவரி கடைசியில்தான் கொட்ட ஆரம்பித்தது. 2025இல் பிப்ரவரி 22 தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மர்க் கட்டத்தைப் பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். தேசிய அளவிலான போட்டியே மாசியில் நடந்திருக்கிறது.

ஆகவே வாசு, அறுவடையை விட்டுவிட்டு ஜனவரியில் ஓட வேண்டிய அவசியமே இல்லை. பிப்ரவரி மூன்றாம் வாரம் முதல் மார்ச் முதல் வாரம் வரை குல்மர்க்குக்கு நல்ல காலம். பகலில் வெயில் இருக்கும், கற்பவருக்கு விரல் விறைக்காது. மதியத்துக்கு மேல் கீழ்ச் சரிவுகளில் பனி இளகிக் கூழாகும், காலை வகுப்பை மட்டும் விடாதீர்கள். சோலங் அதற்குள் இளக ஆரம்பித்துவிடும், அவுலியும் அப்படித்தான். இரண்டும் தாழ்வான இடங்கள் என்பதால் அல்ல, சரிவு எந்தத் திசை பார்க்கிறது, எவ்வளவு பனி சேர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது. மாசிக்கு நான் குல்மர்க்கைத்தான் சொல்வேன்.

வலங்கைமான் வாசு:

காயத்ரி அக்கா, மேகம் அண்ணே, ரொம்ப நன்றி. மாசி என்றால் எங்களுக்கு நூறு சதவீதம் சரி. மேட்டூரை ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள், அதன் பிறகு வயலில் எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பி விடாமல் இருந்தால் பிப்ரவரி நடுவில் கை காலியாகிவிடும்.

திருவாரூர் கண்ணன்:

எல்லாம் சரி. ஐம்பதாயிரம் கொடுத்து வழுக்கி விழப் போக வேண்டுமா? வாய்க்கால் வரப்பில் மழை பெய்த மறுநாள் இலவசமாக விழலாமே.

கிண்டல் இருக்கட்டும், எனக்கு உண்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டு மக்களை வெளியேற்றினார்கள். அவுலிக்குப் போகும் ரோப்வேயை அப்போதே நிறுத்தினார்கள். அந்த ஊருக்கு மேலே நாம் போய் விளையாடுவது சரியா? மலை தாங்குமா என்று யோசிக்காமல் கட்டிக்கொண்டே போனதன் விலை அது. நம் கடற்கரையில் இறால் பண்ணை வெட்டியபோதும் நாம் இப்படித்தான் யோசிக்காமல் இருந்தோம்.

சீர்காழி மாலோலன்:

கண்ணன் சார் சொல்வதை மறுக்க முடியாது. ஆனாலும் ஜோஷிமட் என்றதும் ஒரு விஷயம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் திருப்பிரிதி அங்கேதான். நரசிம்மர் கோயில். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும்போது வழிபாடு ஜோஷிமட்டுக்கு இறங்கி வந்துவிடும். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு அவுலியில் இரண்டு காரியமும் ஆகும். ரோப்வே இல்லாவிட்டாலும் ஜோஷிமட்டிலிருந்து சாலை இருக்கிறது. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் 250 கிலோமீட்டர், மலைச்சாலை, ஒரு முழுப் பகல் ஆகும். வாந்தி மாத்திரை அவசியம். அவுலியில் நந்தாதேவி எதிரே நிற்கும், 7,816 மீட்டர். பயிற்சிக்கு வராதவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

குடந்தை காயத்ரி:

அவுலிக்கு என்னுடைய தயக்கம் வேறு. கற்பவர்களுக்கு அந்தச் சரிவு அருமை, அகலமானது, மரங்கள் ஒதுங்கி நிற்கும். 2011இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டின் ஸ்கீயிங் போட்டிகளை அங்கேதான் நடத்தினார்கள், செயற்கைப் பனி பீய்ச்சும் கருவிகளும் போட்டார்கள். ஆனால் சமீப வருடங்களில் பனி போதாமல் போட்டிகள் ரத்தாகியிருக்கின்றன. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போய்ப் புல்லைப் பார்த்துத் திரும்ப நம்மால் முடியாது. டெல்லிக்காரர்கள் அடுத்த வாரம் வந்துகொள்வார்கள்.

காஷ்மீரில் இன்னொரு வசதி, அவர்களும் சோறு சாப்பிடுகிறவர்கள். மூன்று வேளை ரொட்டி பயம் இல்லை. ஹாக் என்ற கீரையைக் கடுகெண்ணெயில் வதக்கி நிறைய சாறோடு வைப்பார்கள், சைவக்காரர்கள் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடலாம். உப்புப் போட்ட டீயை மட்டும் சர்க்கரை டீ என்று நினைத்து வாயில் ஊற்றிவிடாதீர்கள்.

பேக்கேஜ் உதவி:

காஷ்மீர் மணாலி சிம்லா மலிவு விலையில், ஸ்கீயிங் இலவசம், தமிழ்ச் சமையல்காரர் உடன் வருவார், தொடர்புக்கு (எண் நீக்கப்பட்டது. இந்த இழையில் விளம்பரம் வேண்டாம். நெறியாளர்.)

மன்னை செல்வம்:

தமிழ்ச் சமையல்காரர் வருவார் என்றால் எண்ணை ஏன் நீக்கினீர்கள்?

பாபநாசம் சுபேதார்:

தம்பி வாசு. நான் ராணுவத்தில் இருந்தவன், காஷ்மீரில் பல குளிர்காலம் பார்த்தவன். மற்றவர்கள் சொல்லாததை மட்டும் சொல்கிறேன்.

குல்மர்க் கோண்டோலா இரண்டு கட்டம். முதல் கட்டம் கொங்தூரி வரை. இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத் தோளில் கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்குப் போகும். இரண்டுக்கும் டிக்கெட் ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டும், சேர்த்து இரண்டாயிரத்தை ஒட்டி வரும். மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கி வாருங்கள். மேலிருந்து ஸ்கீயில் இறங்கலாம் என்று எவனாவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அங்கே பெரும்பகுதி சமன் செய்யப்படாத மலை. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இரண்டு பேரும் 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். அவர்கள் எல்லாம் ஸ்கீயிங் தெரிந்தவர்கள். புதுப் பனி நிறைய விழுந்த மறுநாள் வெயில் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், பனிச்சரிவுக்கு வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். மூடிவிட்டார்கள் என்றால் வாதம் செய்யாமல் ரூமுக்குப் போய்ப் படுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே நீர் புகாத ஜாக்கெட். ஒரே ஒரு ஜோடி சாக்ஸ். இரண்டு போட்டால் கால் இறுகி ரத்தம் ஓடாது, இன்னும் குளிரும். கருப்புக் கண்ணாடி அல்லது காகிள் இல்லாமல் வெளியே வரக்கூடாது. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தி ராத்திரி முழுக்கத் தண்ணீர் வழியும். மூக்குக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள், வெயில் அங்கே கீழிருந்தும் வரும். நமக்குத்தான் ஏற்கெனவே கருத்த தோல் என்று சும்மா இருந்த பையன்களுக்கு மூக்கு உரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு கொண்டு போங்கள்.

இன்னொன்று, காவிரிக்காரன் என்ற முறையில். குல்மர்க்கில் ராணுவத்தின் ஸ்கீ பள்ளியை 1948இல் தொடங்கியவர் ஜெனரல் திம்மய்யா. குடகுக்காரர். இன்றைக்கு உயர்மலைப் போர்ப் பள்ளியாக இருப்பது அதுதான். நம் ஆறு பிறக்கிற ஊர்க்காரர் போய் அங்கே பனியில் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார், மன்னை செல்வம் கவனிக்கவும்.

நாகை மேகம்:

குடகிலிருந்து இன்னொருவரும் இருக்கிறார் ஐயா. பவானி தெக்கடா நஞ்சுண்டா, கிராஸ் கண்ட்ரி ஸ்கீயிங்கில் இந்தியாவுக்காகப் போட்டியிடுகிறார். காப்பித் தோட்டத்து ஊரிலிருந்து போகும்போது நெல் வயலிலிருந்து போக முடியாதா?

மயிலாடுதுறை அருண்:

ஸ்னோபோர்டு பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. நான் போர்டு ஆள்.

ஸ்கீயில் முதல் இரண்டு நாளில் ஏதோ இறங்கிவிடலாம், அதற்கப்புறம் இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திருப்புவதற்குள் பொறுமை போய்விடும். போர்டில் தலைகீழ். முதல் இரண்டு நாள் நரகம், பின்புறமும் முழங்காலும் மாறி மாறி அடிபடும், மூன்றாம் நாளுக்குப் பிறகு திடீரென்று பிடிபடும். இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் கால் இரண்டு பக்கம் பிரிந்து முழங்கால் முறுக்கும் ஆபத்து குறைவு. அதற்குப் பதில் மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு, ஊன்றினால் எலும்பு போகும். கையை முஷ்டியாக மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு விழப் பழக வேண்டும், மணிக்கட்டுக் காப்பு போட்டால் இன்னும் நல்லது.

எந்தக் கால் முன்னால் என்று தெரியாவிட்டால், மொசைக் தரையில் சாக்ஸ் போட்டு ஓடி வந்து சறுக்கிப் பாருங்கள். எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ அதுதான். முதலில் குதிகால் ஓரத்தில் நின்று, சரிவுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக உதிர்கிற இலை இறங்குகிற தினுசில் இறங்கக் கற்றுக்கொடுப்பார்கள். அது வந்துவிட்டால் விரல் ஓரம்.

பூட்ஸ் மெத்தென்று இருக்கும், நடக்கலாம். ஸ்கீ பூட்ஸ் போட்டு மாடிப்படி இறங்குகிறவர்களைப் பார்த்தாலே பாவமாக இருக்கும்.

குடந்தை காயத்ரி:

அருண் சொல்வது எல்லாம் சரி, ஆனால் வாசு ஒரே ஒரு முறை போகிறவர், அரசுப் பயிற்சிக்குப் போகிறவர். ஸ்னோபோர்டு வகுப்பு எல்லா பேட்சிலும் கிடையாது, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இழுத்துப் போகும் டிராக் லிஃப்டில் போர்டுக்காரர்கள் பாதி வழியில் விழுந்து கிடப்பார்கள். குல்மர்க்கில் சமதளம் அதிகம், போர்டு அங்கே நின்றுவிடும், ஒரு காலைக் கழற்றித் தள்ள வேண்டும். ஸ்கீ என்றால் கம்பை ஊன்றிப் போய்க்கொண்டே இருக்கலாம். முதல் முறைக்கு ஸ்கீ.

மயிலாடுதுறை அருண்:

சமதளத்தில் போர்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது உண்மைதான். ஆனாலும் ஸ்கீ சிபாரிசை ஏற்க மாட்டேன். இருபத்தைந்து வயதுப் பையன்கள், இரண்டு நாள் வலி தாங்கமாட்டார்களா?

தஞ்சை பிசியோ:

வயது பிரச்சினை இல்லை, தொடை பிரச்சினை. ஸ்கீயிங்கில் ஏறுவதற்குத் தசை வேண்டியதைவிட இறங்குவதற்குத்தான் வேண்டும். முழங்காலை மடக்கியபடியே பாரத்தைத் தாங்கிக்கொண்டு இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. பழக்கம் இல்லாவிட்டால் இரண்டாம் நாள் காலை கட்டிலை விட்டு இறங்க முடியாது. களைத்த தொடையோடு பிற்பகலில் "கடைசியாக ஒரு தடவை" என்று இறங்கும்போதுதான் ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் தசைநார்) கிழிகிறது.

நம் ஊரில் மலை கிடையாது. கும்பகோணத்துப் பக்கம் மலை என்றால் சுவாமிமலை, அதுவும் கட்டுமலை. பரவாயில்லை, அறுபது படி இருக்கிறதே. வேகமாக ஏறி, மெதுவாக, ஒவ்வொரு படியிலும் முழங்காலை நன்றாக மடக்கி இறங்குங்கள். கைப்பிடியைப் பிடிக்காமல். கூட்டம் இல்லாத வேளையில் போங்கள், இல்லாவிட்டால் வேண்டுதலா என்று கேட்பார்கள். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலி உயரத்தில் உட்கார்ந்து நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். அறுவடை வேலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது முதுகுக்கு வேலை.

பயணக் காப்பீடு எடுத்தால் சாகச விளையாட்டு அடங்குமா என்று பார்த்து எடுங்கள். பல பாலிசிகளில் பொடி எழுத்தில் விலக்கியிருப்பார்கள்.

கூத்தாநல்லூர் ரஃபீக்:

துபாயிலிருந்து எழுதுகிறேன். நம் திருவாரூர், நாகை மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறோம், இதையும் சொல்லிவைக்கிறேன். மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் ஸ்கீ துபாய் 2005 முதல் இருக்கிறது. உள்ளே எப்போதும் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே, நீளமான சரிவு 400 மீட்டர். வெளியே நாற்பத்தைந்து டிகிரியில் வியர்த்துவிட்டு உள்ளே போய் ஜாக்கெட் போடுவது ஒரு கூத்து. ஆனால் நிறுத்த, திருப்ப, விழுந்து எழ அங்கே ஒரு பாடம் எடுத்துவிட்டு மலைக்குப் போனால் முதல் நாள் வீணாகாது.

துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்கள் ஜார்ஜியாவின் குடவுரிக்குப் போகிறார்கள். திபிலீசியிலிருந்து 120 கிலோமீட்டர், லிஃப்ட் கட்டணம் ஆல்ப்ஸோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஊரிலிருந்து கிளம்புபவர்களுக்கு அல்மாட்டி பக்கத்து ஷிம்புலாக்கைச் சொல்வேன். இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கஜகஸ்தானில் 14 நாள் விசா வேண்டாம். டெல்லியிலிருந்து நேரடி விமானம். சரிவு 2,200 மீட்டரில் ஆரம்பித்து 3,200 வரை, எல்லாம் சமன் செய்து வைத்திருப்பார்கள், நகரத்திலிருந்தே போய் வரலாம்.

குடந்தை காயத்ரி:

ரஃபீக் பாய், சரிவின் தரத்தில் ஷிம்புலாக் மேல்தான். ஆனால் லிஃப்ட் பாஸ், வாடகை, ஆசிரியர் எல்லாம் தனித்தனி. விமானத்தையும் சேர்த்தால் ஐம்பதாயிரத்தில் சில நாள்தான் தாங்கும். ஒரு வாரத்துக்கு மேல் தினமும் பனியில் நின்றால்தான் காலுக்குப் பிடிபடும். ஏற்கெனவே தெரிந்தவர் போக வேண்டிய இடம் அது.

நீடாமங்கலம் ஜங்ஷன்:

ரயில் பகுதிக்கு நான். தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். சென்ட்ரலிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் நேராக கட்ரா வரை போகும். கிட்டத்தட்ட மூன்று நாள், ஸ்லீப்பரில் போனால் செலவு மிகக் குறைவு. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது, மூன்று மணி நேரம். செனாப் பாலத்தின் மேல் போவீர்கள், ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரம். முன்பெல்லாம் பனி பெய்தால் ஜம்மு ஸ்ரீநகர் நெடுஞ்சாலை மூடி லாரிகளோடு நாமும் மாட்டிக்கொள்வோம். விமானமும் பனிமூட்டத்தில் ரத்தாகும். ரயில் வந்த பிறகு மாசிப் பயணம் நம்பிக் கிளம்பக்கூடியதாக இருக்கிறது.

நாள் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் போக ரயில், வர விமானம். களைத்த தொடையோடு மூன்று நாள் மேல் பெர்த் ஏறி இறங்க வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாள்தான், பயிற்சித் தேதி உறுதியானதும் எண்ணிக்கொண்டிருங்கள். ஸ்ரீநகரிலிருந்து டங்மர்க் வரை ஷேர் சுமோ. அங்கிருந்து குல்மர்க் 13 கிலோமீட்டர் ஏற்றம், பனி கிடந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டிதான் போகும். அந்தக் கடைசி 13 கிலோமீட்டருக்குத்தான் பேரம் பேசித் தொண்டை வறளும்.

திருவாரூர் கண்ணன்:

இவ்வளவு விவரம் படித்த பிறகு எனக்கே போகலாம் போலிருக்கிறது. ஆனால் மலை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

வலங்கைமான் வாசு:

முடிவு செய்துவிட்டோம். குல்மர்க், அரசுப் பயிற்சி, மாசி, ஸ்கீ. அருண் அண்ணே மன்னிக்கவும். அப்பாவிடம் சொன்னேன். "அறுப்பு முடிஞ்சு பணம் வரட்டும், அப்புறம் எங்கேயாவது போய் விழு" என்றார். சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். எனக்குப் பாதம் முன்பக்கம் ரொம்ப அகலம், சின்ன வயதிலிருந்து செருப்புதான். ஷூ எதுவுமே சரியாகச் சேராது. வாடகை பூட்ஸ் சேருமா?

குடந்தை காயத்ரி:

நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இதே கதை. பூட்ஸ் அளவை சென்டிமீட்டரில் சொல்வார்கள், சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பெருவிரல் நுனி வரை அளந்துகொண்டு போங்கள். அகலத்துக்காக ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள், குதிகால் உள்ளே எழும்பினால் ஸ்கீ சொன்னபடி கேட்காது. பழைய பூட்ஸ் கேளுங்கள், உள்பஞ்சு அமுங்கி அகலம் கிடைத்திருக்கும். விரல் பக்கத்துக் கொக்கிகளைத் தளர்த்தி, கணுக்காலுக்கு மேல் இருப்பதை மட்டும் இறுக்குங்கள். நின்றால் விரல் முன்னால் லேசாக இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்னால் விலக வேண்டும். தெர்மல் பேண்ட்டின் விளிம்பு பூட்ஸுக்குள் போனால் அந்த மடிப்பு மதியத்துக்குள் காலை அறுத்துவிடும், மேலேயே நிறுத்திவிடுங்கள். முதல் நாளே வலித்தால் வெட்கப்படாமல் மாற்றிக்கொள்ளுங்கள், அடுக்கில் நிறைய இருக்கும்.

மன்னை செல்வம்:

வாசு தம்பி, மூன்றாவதாக ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறதா? கிண்டல் இல்லை. தங்கச்சி மகன் சொல்லிச் சொல்லி என்னையும் கிளப்பிவிட்டான்.

வலங்கைமான் வாசு:

தாராளமா வாங்க அண்ணே. விண்ணப்பத்தில் மருத்துவச் சான்று கேட்பார்களாம், வயது வரம்பும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

குடந்தை காயத்ரி:

செல்வம் அண்ணே, வாங்க. ஆனால் உயரம், எடை, வயது மூன்றையும் உள்ளபடி கொடுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து தானாகக் கழன்றுகொள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, அதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முறுக்கி வைப்பார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் சும்மா திரும்பும்போதே கழன்றுவிடும். வீறாப்பாகக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். எடை எவ்வளவு?

மன்னை செல்வம்:

இங்கே மச்சான்கள் நாலு பேர் படிக்கிறார்கள் தங்கச்சி. தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.